பதினாறு கப்பல்களும் ஒரு கேள்வியும்

கித்துல்கலவுக்கு வெளியூரார் வருவது பெரும்பாலும் இரண்டு காரணங்களுக்காக. ஒன்று, களனி கங்கையின் நுரை பொங்கும் ஓட்டத்தில் இறப்பர்ப் படகில் போவதற்கு. மற்றது, ‘த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்’ என்ற ஆங்கிலத் திரைப்படத்துக்காகக் கட்டி, 1957 மார்ச்சில் வெடிவைத்துத் தகர்த்த பாலத்தின் இடத்தைப் பார்ப்பதற்கு. அந்தப் பாலத்தின் கொங்கிறீற் அடித்தளத்தை ஆற்றோரத்தில் இன்றும் காணலாம். அதைப் படம் பிடித்துக்கொண்டு போகிறவர்களை எங்கள் பிள்ளைகள் தினமும் பார்க்கிறார்கள்.

சென்ற தவணையில் பதினோராம் ஆண்டு வகுப்பில் இரண்டாம் உலகப் போரைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். எங்கள் வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள், தோட்டத்து லயங்களிலிருந்து வரும் பிள்ளைகளும் இருக்கிறார்கள். 1942இல் யப்பானிய விமானங்கள் கொழும்பிலும் திருகோணமலையிலும் குண்டு போட்டதைச் சொல்லி, அந்த விமானங்கள் தரையிலிருந்து வரவில்லை, கடலில் மிதந்த விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து வந்தன என்று கரும்பலகையில் வரைந்து காட்டினேன். பையன்கள் உற்சாகமாகிவிட்டார்கள். எத்தனை விமானம் ஏற்றலாம், எவ்வளவு நீளம், எப்படி இறங்கும் என்று கேள்விக்கு மேல் கேள்வி. அப்போது பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தாய் பால்வெட்டுக்குப் போகிறவர்.

“சேர், இதுல எங்க ஆளுங்க எங்க இருக்காங்க?”

பையன்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஆனால் அன்றைக்கு என்னிடம் ஒழுங்கான பதிலும் இருக்கவில்லை. மணி அடித்தது, தப்பித்தேன். அதன் பிறகு பல இரவுகள் உட்கார்ந்து தேடிச் சேர்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் கடற்படை பற்றி எழுதத் தகுதி பெற்றவன் அல்லன். மலைநாட்டு விளிம்பில் இருக்கும் ஒரு கிராமத்து ஆசிரியன். கடலை நான் முதன்முதலில் ஆற அமரப் பார்த்ததே அட்டாளைச்சேனை ஆசிரியர் கலாசாலையில் பயிற்சி பெற்ற நாட்களில்தான்.

அந்த நாட்களில், 2003 அளவில், விடுமுறை நாளொன்றில் நண்பர்களோடு மட்டக்களப்புக்குப் போனேன். கல்லடிக் கடற்கரையில் வலை காய வைத்துக்கொண்டிருந்த ஒரு முதியவர் கிழக்கே கையைக் காட்டி, “அங்க ஒரு ராச கப்பல் கிடக்கு வாத்தி” என்றார். வலை சிக்கும் இடமாகவும் மீன் கூடும் இடமாகவும் அவருக்கு அது தெரிந்திருந்தது. அதன் பெயர் ‘ஹேர்மிஸ்’ என்பதைப் பின்னர்தான் அறிந்தேன்.

ஹேர்மிஸ் சாதாரணக் கப்பலல்ல. வேறு கப்பலை மாற்றியமைக்காமல், விமானந்தாங்கியாகவே திட்டமிட்டு வரையப்பட்ட முதற் கப்பல் அது என்பர். 1918இல் இங்கிலாந்தில் அதன் வேலை தொடங்கியது. கடற்படையில் சேர்ந்தது 1924இல். இடையில் யப்பான் முந்திக்கொண்டு தனது ‘ஹோஷோ’வை 1922இலேயே முடித்துவிட்டது. பாடம் சொல்லிக் கொடுத்தவரை மாணவர் முந்திய கதைதான். தங்கள் கடற்படை விமானிகளைப் பயிற்றுவிக்க யப்பானியர் 1921இல் ஒரு பிரித்தானியக் குழுவைத்தான் அழைத்திருந்தார்கள்.

இருபது ஆண்டுகள் கழித்து அந்தக் கல்வி எங்கள் கடலுக்கு வந்து சேர்ந்தது. 1941 டிசம்பர் 7இல் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கிய ஆறு விமானந்தாங்கிகளுள் ஐந்து, 1942 ஏப்ரல் தொடக்கத்தில் இந்து சமுத்திரத்துக்குள் நுழைந்தன. கொக்கலை வாவியிலிருந்து பறந்த கனேடிய விமானி லெனார்ட் பேர்ச்சல் ஏப்ரல் 4ஆம் திகதி அவற்றைக் கண்டு செய்தி அனுப்பினார். செய்தி முடியுமுன் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டு அவர் கைதியானார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. கொழும்புத் துறைமுகமும் இரத்மலானையும் தாக்கப்பட்டன. அதே நாளில் தெற்கே கடலில் ‘கோர்ன்வோல்’, ‘டோர்செற்ஷயர்’ என்ற இரு போர்க்கப்பல்கள் மூழ்கி 424 பேர் இறந்தனர்.

ஏப்ரல் 9ஆம் திகதி திருகோணமலையின் முறை. தாக்குதல் வருகிறதென அறிந்து ஹேர்மிஸைத் துறைமுகத்தை விட்டுத் தெற்கே அனுப்பியிருந்தார்கள். ஆனால் அதன் விமானங்கள் கரையிலேயே நின்றுவிட்டன. விமானந்தாங்கி ஒன்று விமானமே இல்லாமல் கடலில் நின்றது. மட்டக்களப்புக்கு அப்பால் யப்பானிய விமானங்கள் அதைக் கண்டன. சில நிமிடங்களுக்குள் குண்டுக்கு மேல் குண்டு விழுந்து அது மூழ்கியது. அதன் தலைவர் ஒன்ஸ்லோ உட்பட 307 பேர் இறந்தனர். உடன் வந்த அவுஸ்திரேலியக் கப்பல் ‘வம்பயர்’ரும் மூழ்கியது. ‘வீற்றா’ என்ற மருத்துவக் கப்பல் ஏறத்தாழ 600 பேரைக் காப்பாற்றியது. சிலர் நீந்தியே எங்கள் கரையை அடைந்தார்கள்.

இலங்கை தப்பியது. யப்பானியர் திரும்பிப் போனார்கள். வந்த ஐந்து தாங்கிகளுள் மூன்று, அதே ஆண்டு ஜூனில் மிட்வே போரில் கடலுக்கடியில் போயின. பாடப்புத்தகத்தில் இந்தக் கதை இத்துடன் முடிகிறது. மாணவியின் கேள்வி இங்கிருந்துதான் தொடங்குகிறது.

இந்தச் சின்னத் தீவுக்காக ஏன் இத்தனை கப்பல்கள் மோதிக்கொண்டன? திருகோணமலைத் துறைமுகம் ஒரு காரணம். கப்பற் பாதை இன்னொன்று. ஆனால் மூன்றாவது காரணம் எங்கள் வீட்டுக்குப் பின்னால் நிற்கிறது. மலாயா விழுந்து, 1942 பெப்ரவரி 15இல் சிங்கப்பூரும் விழுந்தபோது உலகத்து இயற்கை இறப்பரில் பெரும்பகுதி யப்பானியர் கைக்குப் போய்விட்டது. நேச நாடுகளுக்கு மிஞ்சிய முக்கிய இறப்பர் நிலம் இலங்கைதான். ஆண்டொன்றுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் தொன். அதில் பெரிய பங்கு கேகாலை, இரத்தினபுரி, களுத்துறை மாவட்டங்களின் மரங்களிலிருந்து போனது. விமானச் சக்கரத்துக்கும், எண்ணெய்க் குழாய்க்கும், சூடு பட்டாலும் ஓட்டையைத் தானே அடைத்துக்கொள்ளும் எரிபொருள் தாங்கிக்கும் இறப்பர் வேண்டும். இறப்பர் இல்லாமல் விமானந்தாங்கி என்பது வெறும் இரும்புத் தட்டு.

எங்கள் அப்பாவுக்கு (வாப்பாவின் வாப்பாவை நாங்கள் அப்படித்தான் அழைப்போம்) அந்நாளில் சிறு கடை. கருவாடு, உப்பு, மண்ணெண்ணெய் விற்பார். சிறு தோட்டக்காரரிடம் இறப்பர் ஷீட்டும் ஒட்டுப்பாலும் வாங்கி அவிசாவளைக்கு அனுப்புவார். நான் சிறுவனாக இருந்தபோது யுத்த காலத்தைப் பற்றிக் கேட்டால் அவர் குண்டைப் பற்றிச் சொன்னதில்லை. “அந்தக் காலத்துல மரத்துக்கும் லீவு இல்ல மகன், ஆளுக்கும் லீவு இல்ல” என்பார். வழக்கமாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் வெட்டும் மரத்தை நாள்தோறும் வெட்டினார்கள். வயதான மரங்களில் ஒன்றுக்கு இரண்டாகப் பல இடத்தில் கத்தி வைத்தார்கள். மரம் செத்தாலும் பரவாயில்லை, பால் வேண்டும் என்பதே கட்டளை. ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயருக்குத் தமிழில் ‘கொலை வெட்டு’ என்றுதான் பொருள் சொல்ல முடியும். பர்மா விழுந்ததால் அரிசி வரவு நின்று பங்கீடு வந்தது. அரை வயிற்றோடு விடியுமுன் மலையேறிப் பால் வெட்டியவர்கள் தோட்டத்து ஆண்களும் பெண்களும்.

ஆகவே மாணவிக்குரிய பதிலின் முதற் பகுதி இது. உங்கள் ஆட்கள் அந்தக் கப்பலின் தளத்தில் இல்லை. தளத்திலிருந்து எழும்பிய ஒவ்வொரு விமானத்தின் சக்கரத்திலும் இருந்தார்கள்.

இரண்டாம் பகுதி கொஞ்சம் நீளம். ஒரே வரைபடத்தின்படி கட்டப்படும் கப்பல்களைக் கடற்படையினர் ஒரு ‘வகுப்பு’ என்கிறார்கள். முதலில் வரும் கப்பலின் பெயரே வகுப்பின் பெயர். வகுப்பு என்றதும் ஆசிரியனுக்கு ஆவல் வரத்தானே செய்யும்? நான் தேடிப் படித்தது 1942இல் பிரித்தானியா வரைந்த ஒரு வகுப்பைப் பற்றி.

1941 டிசம்பர் 10இல் மலாயாக் கரைக்கு அப்பால் ‘பிரின்ஸ் ஒப் வேல்ஸ்’, ‘ரிபல்ஸ்’ என்ற இரு பெருங் கப்பல்களை யப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. பீரங்கி எவ்வளவு பெரிதானாலும் மேலே விமானம் இல்லாத கப்பல் பிழைக்காது என்பது அன்று நிச்சயமானது. உடனே நிறைய விமானந்தாங்கிகள் வேண்டும். பெரிய கப்பல் கட்ட நாலைந்து வருடம் செல்லும். எனவே சிறியதாக, மலிவாக, கவசத் தகடு இல்லாமல், வணிகக் கப்பல் கட்டும் பட்டறைகளிலும் கட்டக்கூடியதாக ஒரு வடிவத்தை வரைந்தார்கள். நீளம் ஏறத்தாழ 700 அடி. வேகம் மணிக்கு 25 கடல் மைல். விமானம் 40 அளவில். மூன்று வருடம் உழைத்தால் போதும், அல்லது யுத்தம் முடியும்வரை நின்றால் போதும் என்பதே கணக்கு. பதினாறு கப்பல்களுக்கு அடித்தளம் இடப்பட்டது. முதற் பத்தும் ‘கொலோசஸ்’ வகுப்பு. அவற்றில் இரண்டு, விமானம் பழுதுபார்க்கும் கப்பல்களாக முடிந்தன. சில திருத்தங்களோடு வந்த பின்னைய ஆறும் ‘மஜெஸ்ரிக்’ வகுப்பு.

யுத்தம் முடியுமுன் கொலோசஸ் வகுப்பில் நான்கு விமானந்தாங்கிகள் தயாராகி கிழக்கே புறப்பட்டன. அவற்றுக்குப் போர்முனையில் வேலை கிடைக்குமுன் 1945 ஓகஸ்ட் வந்துவிட்டது. யாருக்காகக் கட்டப்பட்டனவோ அந்த யுத்தத்தைப் பார்க்காமலே அவை மிஞ்சின. மஜெஸ்ரிக் வகுப்பின் ஆறு கப்பல்களும் அரைகுறையாய் நின்றன. அவற்றில் ‘லெவியதன்’ கடைசிவரை முடிக்கப்படாமலே 1968இல் உடைக்கப்பட்டது.

மற்றவை என்ன ஆயின என்பதுதான் என்னை இழுத்துப் பிடித்த கதை. பதினைந்து சகோதரர்களும் எட்டு நாடுகளின் கொடியின் கீழ் உழைத்தார்கள். பிரித்தானியா தவிர பிரான்ஸ், ஒல்லாந்து, கனடா, அவுஸ்திரேலியா, இந்தியா, பிரேசில், ஆர்ஜன்டீனா. ‘கொலோசஸ்’ பிரான்சுக்குப் போய் ‘அரமான்ஷ்’ ஆனது. ‘வெனரபிள்’ ஒல்லாந்துக்குப் போய், பிறகு ஆர்ஜன்டீனாவுக்குப் போய் மூன்றாவது பெயர் பெற்றது. ‘மஜெஸ்ரிக்’ அவுஸ்திரேலியாவின் ‘மெல்பேர்ன்’ ஆகி, 1964இல் சொந்தக் கடற்படையின் ‘வோயேஜர்’ரோடு மோதி 82 பேரும், 1969இல் அமெரிக்கக் கப்பல் ஒன்றோடு மோதி 74 பேரும் இறக்கக் காரணமானது. எதிரியை நோக்கி ஒரு முறையேனும் சுடாத கப்பல் அது. 1985இல் உடைப்பதற்கென்று சீனாவுக்கு விற்கப்பட்டபோது, சீனப் பொறியியலாளர்கள் அதைக் கழற்றிக் கழற்றிப் படித்தார்களாம்.

வகுப்பில் எல்லாப் பிள்ளைகளும் நல்ல வேலைக்கே போவதில்லை. இந்த வகுப்பும் அப்படித்தான். யுத்தம் முடிந்த பின் இவற்றின் முக்கிய வேலை, கைநழுவிப் போகும் பேரரசுகளை இழுத்துப் பிடிப்பதாயிற்று. ‘அரமான்ஷ்’ஷின் விமானங்கள் வியட்நாமியர் மீது குண்டு வீசின. 1956இல் ஜமால் அப்துன் நாஸர் சுயஸ் கால்வாயைத் தேசியமயமாக்கியபோது ‘ஓஷன்’, ‘தீஸியஸ்’ என்ற இரு கப்பல்கள் எகிப்தின் முன் வந்து நின்றன. நவம்பர் 6ஆம் திகதி அவற்றிலிருந்து ஹெலிகொப்டர்கள் ஒன்றரை மணி நேரத்தில் 400க்கும் மேற்பட்ட படையினரைப் போர்ட் சயீதில் இறக்கின. கப்பலிலிருந்து ஹெலிகொப்டர் மூலம் இப்படிப் பெருமளவில் படை இறக்கப்பட்டது உலகில் அதுவே முதல் முறை. அதே சுயஸுக்காக 1882இல் பிரித்தானியர் எகிப்தைப் பிடித்தபோது நாடு கடத்தப்பட்ட ஒறாபி பாஷா, 1883 முதல் 1901 வரை எங்கள் மண்ணில் வாழ்ந்தார் என்பதையும், இலங்கை முஸ்லிம்களின் நவீன கல்வி அவரோடும் சித்தி லெப்பையோடும் சேர்த்துப் பேசப்படுவதையும் இந்தச் சஞ்சிகையின் வாசகர்களுக்கு நான் நினைவூட்ட வேண்டியதில்லை.

சுயஸின் மறுவருடம் 1957. அந்த ஆண்டில் மூன்று சம்பவங்கள். ஜனவரியில், நியூகாஸிலில் 1943இல் தொடங்கி 1946இல் வேலை நிறுத்தப்பட்டுப் பத்தாண்டுக்கு மேல் சும்மா கிடந்த ‘ஹேர்கியூலிஸ்’ கப்பலை இந்தியா வாங்கியது. மார்ச்சில் கித்துல்கலவில் பாலம் வெடித்தது. அதே ஆண்டு பிற்பகுதியில், பண்டாரநாயக்கவின் அரசாங்கம் கேட்டதற்கிணங்க, பிரித்தானியர் திருகோணமலைத் தளத்தையும் கட்டுநாயக்க விமானத் தளத்தையும் எங்களிடம் திருப்பித் தந்தார்கள். ஹேர்மிஸ் புறப்பட்ட துறைமுகம் இலங்கையுடையதாயிற்று.

‘ஹேர்கியூலிஸ்’ பெல்பாஸ்ட் நகரில் முடிக்கப்பட்டது. ஜெற் விமானம் இறங்கத்தக்கதாகத் தளம் சற்றுச் சரிவாகத் திருப்பப்பட்டது. விமானத்தை உந்தி எறிய நீராவிக் கவண் பொருத்தப்பட்டது. 1961 மார்ச் 4இல் விஜயலக்ஷ்மி பண்டிட் முன்னிலையில் அது ‘விக்ராந்த்’ ஆயிற்று. நவம்பரில் பம்பாயில் நேரு அதை வரவேற்றார்.

பத்து வருடம் கழித்து 1971. அந்த ஆண்டு ஏப்ரலில் எங்கள் கேகாலை மாவட்டம் கிளர்ச்சியால் கொந்தளித்தது. அப்போது இலங்கை அரசாங்கத்துக்கு ஹெலிகொப்டர் கொடுத்து உதவிய நாடுகளுள் இந்தியாவும் இருந்தது, பாகிஸ்தானும் இருந்தது. அதே பாகிஸ்தானின் விமானங்கள், இந்தியா தன் வான்வழியை மூடியதால், கட்டுநாயக்கவில் எண்ணெய் நிரப்பிக்கொண்டுதான் டாக்கா போய் வந்தன. ஆண்டு முடிவதற்குள் இரு நாடுகளும் போரில் இறங்கின.

விக்ராந்தின் நான்கு கொதிகலன்களில் ஒன்று அப்போது வெடித்துக் கீறலோடு இருந்தது. முழு வேகத்தில் ஓட முடியாது. அதைத் தேடி மூழ்கடிக்கப் பாகிஸ்தானின் நீர்மூழ்கி ‘காஸி’ நவம்பர் 14இல் கராச்சியிலிருந்து புறப்பட்டு, எங்கள் தீவைச் சுற்றிக்கொண்டு வங்காள விரிகுடாவுக்குள் போயிற்று. விக்ராந்தை அந்தமானில் மறைத்துவிட்டு, அது விசாகப்பட்டினத்தில் நிற்பதுபோல் பொய்யான வானொலிச் செய்திகளை இந்தியர் அனுப்பினார்கள். டிசம்பர் 3ஆம் திகதி நள்ளிரவு கழிய, விசாகப்பட்டினத்துக்கு வெளியே காஸி தன்னிலிருந்த 93 பேருடன் மூழ்கியது. தாங்கள் போட்ட ஆழக்குண்டால் என்பது இந்தியர் கூற்று. அது விதைத்த கண்ணிவெடியே அதைக் கொன்றது என்பது பாகிஸ்தானியர் கூற்று. 4ஆம் திகதி விக்ராந்தின் விமானங்கள் கொக்ஸ் பசாரையும் சிட்டகொங்கையும் தாக்கின. டிசம்பர் 16இல் டாக்காவில் சரணாகதி. பங்களாதேஷ் பிறந்தது.

அந்த நாட்களில் கடையில் வானொலியைச் சுற்றி நின்ற முஸ்லிம்கள் இரண்டு பட்டுப் போயிருந்தார்கள் என்று வாப்பா சொல்வார். ஒரு முஸ்லிம் நாடு உடைகிறதே என்று சிலர் அழுதார்களாம். தங்கள் மொழியைக் கேட்டதற்காகவும், போட்ட வாக்கை மதிக்கச் சொன்னதற்காகவும் முஸ்லிம்களை முஸ்லிம்களே கொன்றதை என்னவென்பது என்று அப்பா கேட்டாராம். கடையில் பதில் சொல்ல ஆளில்லையாம். ஒரே மார்க்கத்தார் என்பதால் ஒருவர் மொழியை மற்றவர் மிதிக்கலாமா என்ற அந்தக் கேள்வி, தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட முஸ்லிம்களாகிய எங்களுக்குத் தூரத்துக் கேள்வி அல்ல.

மூன்று வருடத்துக்கென்று வரையப்பட்ட அந்தக் கப்பல் 36 வருடம் உழைத்து 1997 ஜனவரி 31இல் ஓய்வு பெற்றது. மும்பையில் சில காலம் அருங்காட்சியகமாக நின்றது. 2014இல் உடைக்கத் தொடங்கினார்கள். அதன் உலோகத்தைக் கலந்து பஜாஜ் நிறுவனம் 2016இல் ஒரு மோட்டார் சைக்கிளை வெளியிட்டது. பிரேசிலின் ‘மினாஸ் ஜெராய்ஸ்’ இன்னும் கூட: 1945இல் முடிந்த கப்பல் 2001வரை நின்றது. அதுவும் ஆர்ஜன்டீனாவின் கப்பலும் குஜராத்தின் அலங் கரையில் உடைபட்டன. மட்டக்களப்பில் கிடக்கும் ஹேர்மிஸின் பெயரைத் தாங்கி 1959இல் பிரித்தானியக் கடற்படையில் சேர்ந்த இன்னொரு ஹேர்மிஸ், 1987இல் இந்தியாவின் ‘விராட்’ ஆகி, 2017இல் ஓய்வு பெற்று, அதே அலங்கில்தான் முடிந்தது. கொச்சியில் இந்தியாவே கட்டிய புதிய ‘விக்ராந்த்’ 2022 செப்டெம்பர் 2இல் சேவையில் சேர்ந்தது.

இதையெல்லாம் குறித்துக்கொண்டு வந்தபோது ஓரிடத்தில் பேனா நின்றுவிட்டது. ஒரு கப்பல் காலையில் பிரித்தானியக் கப்பல், மாலையில் இந்தியக் கப்பல். ஒரு கொடி இறங்குகிறது, ஒரு கொடி ஏறுகிறது, ஒரு பெயர் மாறுகிறது. யாரும் அதன் பாட்டன் எங்கே பிறந்தான் என்று கேட்கவில்லை. ஒரு கப்பலுக்கு மூன்று நாடு கூடக் கிடைத்தது. அந்தக் கப்பல்களுக்கு வேண்டிய இறப்பரை வெட்டித் தந்தவர்களுக்கோ? யுத்தம் முடிந்து மூன்று வருடம் கழிய, சுதந்திரம் கிடைத்த அதே 1948இல், 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் வந்தது. தகப்பனும் பாட்டனும் இங்கே பிறந்ததற்குப் பத்திரம் கேட்டது. லயத்தில் பிறந்தவனிடம் ஏது பத்திரம்? ஏறத்தாழ 7 லட்சம் பேர் நாடற்றவர்களானார்கள். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசுவோம் என்று பிரித்தார்கள். கடைசிக் கணக்கைத் தீர்க்கும் சட்டம் வந்தது 2003இல். நான் கல்லடியில் நின்று கடலைப் பார்த்த அதே ஆண்டு.

இந்த இடத்தில் எங்களவரைப் பற்றியும் சொல்லாமல் விட்டால் அது நேர்மையாகாது. அப்பாவின் கடையில் வாங்கிய இறப்பர் ஷீட்டுக்கு யுத்த காலத்தில் நல்ல விலை இருந்தது. எங்கள் பழைய வீட்டின் ஓடு அந்தக் காசில் போட்டது என்று வாப்பா மறைக்காமல் சொல்வார். பால் வெட்டியவரின் லயத்துக்கு அந்தக் காசு போகவில்லை. அவர்களுடைய வாக்குரிமை பறிபோனபோது கடைக்காரர்களாகிய நாங்கள் என்ன செய்தோம் என்று கேட்டேன். “நமக்கேன் வம்பு என்று இருந்தோம்” என்றார் வாப்பா. பின்னொரு காலத்தில் எங்களுக்கும் கஷ்டம் வந்தபோது, இதே வார்த்தையைப் பிறர் சொல்லக் கேட்டோம்.

இனி அந்தப் பாலம். படத்தில் சயாம்–பர்மா இரயில் பாதையைக் கட்டுகிறவர்கள் வெள்ளைக்காரக் கைதிகள். உண்மையில் 1942–43இல் 415 கிலோமீற்றர் நீளமான அந்தப் பாதையில் நேச நாட்டுக் கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர் வேலை செய்தார்கள், 12,000க்கு மேல் இறந்தார்கள். ஆசியத் தொழிலாளர்களோ அதைப்போல் மூன்று மடங்குக்கு மேல். அவர்களில் இறந்தவர்கள் 90,000 அளவில் என்று கணக்கிடுகிறார்கள். அந்தக் கூட்டத்தில் பல்லாயிரம் பேர் மலாயா இறப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள். கைதிகளுக்குக் கல்லறைத் தோட்டமும் பெயர் பொறித்த கல்லும் உண்டு. இவர்களில் பெரும்பாலோருக்குப் பெயர்ப் பட்டியல் கூட இல்லை. அந்தக் கதையைப் படமாக்க உலகமெல்லாம் இடம் தேடியவர்கள், இறப்பர்த் தோட்டத்துத் தமிழர் வாழும் எங்கள் பள்ளத்தாக்குக்கே வந்தார்கள். பாலம் கட்டினார்கள், தகர்த்தார்கள், ஏழு ஒஸ்கார் வாங்கினார்கள். ஆனால் மாணவியின் கேள்விக்கு அந்தப் படத்திலும் பதில் இல்லை.

சரி, நான் என்ன செய்தேன்? அடுத்த கிழமை வகுப்பில் இவற்றையெல்லாம் சொன்னேன். பதினாறு கப்பல்களின் பெயரை எழுதிப் போட்டேன். பையன்களுக்கு அது பிடித்தது. பிறகு ஒவ்வொருவரும் வீட்டிலுள்ள மூத்தவரிடம் ஒரு கேள்வி கேட்டு எழுதி வரும்படி சொன்னேன்: எங்கள் குடும்பத்தில் எந்த ஆண்டு எதற்காக நினைவிலிருக்கிறது?

முஸ்லிம் பிள்ளைகள் சிலர் கடை எரிந்த ஆண்டை எழுதினார்கள். சிங்களக் கிராமத்தோடு கல்யாண உறவுள்ள ஒரு பையன் 1971ஐ எழுதினான். கேள்வி கேட்ட மாணவி ஒன்றும் எழுதி வரவில்லை. பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு பழைய கடதாசியைக் கொண்டு வந்தாள். அவளுடைய பாட்டனாரின் பிரஜாவுரிமைச் சான்றிதழ். ஓரங்கள் மஞ்சளித்து, மடித்த இடம் கிழிந்து, பின்பக்கம் சோற்றுப்பசையால் ஒட்டியிருந்தது. “பாட்டி குடுக்கவே மாட்டேன்னாங்க சேர். இன்னைக்கே திருப்பிக் கொண்டுபோகணும்” என்றாள்.

வகுப்பறைச் சுவரில் காலக்கோடு ஒன்று வரைந்து வைத்திருந்தோம். 1942 குண்டு, 1948 சுதந்திரம், 1957 திருகோணமலை, 1961 விக்ராந்த். 1948க்குக் கீழே இன்னொரு வரி எழுதச் சொன்னேன். பிரஜாவுரிமைச் சட்டம் என்று அவளே எழுதினாள். பிறகு சான்றிதழிலிருந்த திகதியைப் பார்த்து அந்த ஆண்டைக் கோட்டில் குறித்து, தன் பாட்டனாரின் பெயரையும் எழுதினாள். முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்துபோய், அவளுக்கு எட்டாத உயரத்தில் ஆணியடித்திருந்த சுவர்த்தாளைப் பிடித்துக்கொண்டான்.

பாடசாலை விட்டதும் நேரே வீட்டுக்குப் போய் அந்தப் பையைப் பாட்டியிடம் கொடுக்கச் சொன்னேன். மழை தூறத் தொடங்கியிருந்தது. கித்துல்கலவில் அது எப்போதும் தொடங்கும். அவள் பையை நெஞ்சோடு அணைத்து, மேலே குடையையும் பிடித்துக்கொண்டு, பாலம் இருந்த இடத்தைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் ஏறினாள்.